தோற்காமல் கரைக்கு வரமாட்டேன்

இங்கிலாந்துக் கடலோரத்தில் எங்கள் ஊரான ஸ்கார்ன்பிக்குக் கோடையில் வருகிறவர்களுக்குப் பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. மணலில் கழுதைச் சவாரி போகலாம். துறைமுகச் சுவரில் உட்கார்ந்து, நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி நண்டு பிடிக்கலாம். பிடித்த நண்டைப் பார்த்து அலறிவிட்டு மறுபடி கடலிலேயே போடலாம். குன்று ரயிலில் ஏறி மேலே போய், மேலே ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு கீழே வரலாம். வடகடல் காற்றில் பல் கிட்டிக்க நின்றுகொண்டு, இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். இதெல்லாம் முடிந்து மூன்று மணி ஆனால், லீட்ஸ், பார்ன்ஸ்லி, பிராட்ஃபோர்டு என்று பக்கத்து நகரங்களிலிருந்து வந்த ஜனம் மொத்தமும் நகரப் பூங்காவின் ஏரிக்கரைக்கு வந்துவிடும். எதற்கு என்றால், தெல்மா காப்பிள்மனைப் பார்த்து ஊளையிடுவதற்கு.

ஏரி அப்படியொன்றும் பெரியதில்லை. எங்கே நின்றாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். நடுவில் ஒரு வாத்துத் தீவு, அதைச் சுற்றிச் சேறு, சேற்றின் மேல் கிளை தாழ்ந்த ஒரு வில்லோ மரம். ஒரு கரையில் புல்சரிவு. ஜனம் அந்தச் சரிவில் போர்வை விரித்து உட்காரும். வாரத்தில் மூன்று நாள் இந்த ஏரியில் கடற்போர் நடக்கிறது. இரண்டு போர்க்கப்பல்கள், ஒவ்வொன்றும் ஒரு வேன் நீளம். பார்க்கிற சின்னப் பிள்ளைகள் அவை தானாக ஓடுகின்றன என்று நினைக்கும். தானாக ஓடுமா? ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு ஆள் உட்கார்ந்து சைக்கிள் மாதிரி மிதித்துக்கொண்டிருப்பார். ஒரு கையில் சுக்கான், இன்னொரு கையில் பட்டாசுப் பீரங்கிகளின் கயிறு, முகத்துக்கு நேரே விரல் அகலத்துக்கு ஒரு பிளவு. அந்தப் பிளவில் தெரிவதுதான் அவருக்கு உலகம்.

நல்ல கப்பலுக்குப் பெயர் வேலியன்ட். வெள்ளைச் சாயம், நீலக் கோடு. எதிரிக் கப்பல் முழுக்கக் கறுப்பு. அதன் நிஜப் பெயர் ரேவன் என்றாலும் ஊரில் எல்லாருக்கும் அது காக்கைதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் காக்கை முதலில் அட்டகாசம் பண்ண வேண்டும், பிறகு வேலியன்ட்டிடம் அடி வாங்கிப் புகை கக்க வேண்டும், கொடியை இறக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தீவுக்குப் பின்னால் போய் ஒழிய வேண்டும். அதன் பிறகு இரண்டு கேப்டன்களும் கப்பலைச் சரிவுக்கு எதிரே கொண்டுவந்து, மூடியைத் திறந்து தலையை நீட்டுவார்கள். வேலியன்ட் கேப்டனுக்குக் கைதட்டல். காக்கை கேப்டனுக்கு ஊளை. அதுவரைக்கும் தலை வெளியே தெரியக் கூடாது. எங்கள் ஊரில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்க அவசியமும் இருந்ததில்லை.

கேப்டன்கள் எல்லாம் பூங்காவின் தோட்டக்காரர்கள்தான். காலையில் களை பிடுங்குவார்கள், மதியம் யுத்தம் செய்வார்கள். தெல்மா வந்த புதிதில் காக்கைக்குள் இறங்க ஒருவரும் முன்வரவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்க வேண்டும், அதற்கு மேல் ஊரே காறித் துப்பாத குறையாகக் கத்தும். ஆம்பிளைகளுக்கு அது பிடிக்கவில்லை. தெல்மா சரி என்று இறங்கினாள். ஐந்து பெண்பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவள் அவள். அக்காக்களின் பழைய கவுனைப் போட்டு வளர்ந்தவள், பள்ளிக்கூடப் படத்தில் பாதி முகம் மட்டும் விழுந்தவள். முதல் நாள் ஆட்டம் முடிந்து மூடியைத் திறந்து எழுந்தபோது புல்சரிவு முழுவதும் அவளைப் பார்த்து ஊளையிட்டது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். என்ன செய்வது என்று தெரியாமல் முஷ்டியை உயர்த்தி ஆட்டினாள். ஊளை இரண்டு மடங்கானது. அன்றிலிருந்து முஷ்டி ஆட்டுவதும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டது. சின்ன வயதில் அவளைப் பார்த்து ஊளையிட்ட பிள்ளைகள் இன்றைக்குத் தங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, "அதோ பாரு, காக்கை வருது, கத்து" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

போன ஜனவரியில் தெல்மாவின் வலது முழங்காலை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். மிதிப்பதற்கு அது அருமையாக இருந்தது. மிதி மிதி என்று டாக்டரே சொன்னார். ஏறி இறங்கத்தான் மக்கர் பண்ணியது. காக்கையின் மூடித் துவாரமோ ஒரு தலையணை அகலம்தான்.

பூங்காவுக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர் டோமினிக் லீட்ஸ்காரன், முப்பது வயது இருக்கும். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் தெல்மாவுக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஏப்ரலில் ஒரு ஈரக் காலையில் படகுக் கொட்டகைக்கு எல்லாரையும் கூப்பிட்டான். பழைய மேஸ்திரி காலத்திலிருந்து அங்கே ஒரு விதி உண்டு. கொதித்தால் விசிலடிக்கிற கெட்டிலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைப்பார்கள். அது விசில் அடிப்பதற்குள் கேப்டன் யார் உதவியும் இல்லாமல் கப்பலை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே வெடியும் புகையும் இருக்கிறதே, விளையாட்டு இல்லை.

வேலியன்ட் கேப்டன் நெவில் ஹார்க்கர் ஆள் பெருத்தவன். மூச்சு வாங்கினாலும் வந்துவிட்டான். தெல்மா பாதி வந்தாள். இடுப்புக்கு மேல் வெளியே, இடுப்புக்குக் கீழ் உள்ளே. மடங்காத முட்டி உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டது. கெட்டில் விசிலடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரோ அடுப்பை அணைத்தார்கள். கடைசியில் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து அவளை வெளியே இழுத்தார்கள்.

"பரவால்ல மேடம்" என்றான் டோமினிக். "டிக்கெட் கூண்டுல ஆள் வேணும். ஹீட்டர் இருக்கு, நல்ல நாற்காலி இருக்கு."

"மேடம்னு கூப்பிடாத தம்பி, நான் என்ன துணிக்கடையா வச்சிருக்கேன்?" என்றாள் தெல்மா. முகம் சிவந்து கிடந்தது. "சீசன் ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் மறுபடி கெட்டில் வை. அதுவரைக்கும் எம்பேரை அடிக்காத."

டோமினிக் அவள் முட்டியைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். சரி என்றான்.

வீட்டுக்குப் போன தெல்மா பின்கட்டுக்குப் போய் நின்றாள். அங்கே பழைய கரித்தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. செங்கல் கட்டி, மேலே மூடி போட்டது. அவள் மூடியைத் திறந்து கையால் அளந்தாள். காக்கையின் துவாரத்தைவிட ஒரு விரல் சிறியது. அவளுக்கு அது போதும்.

அவள் புருஷன் வில்ஃப் ஆயுள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். கெட்டில் அவன் பொறுப்பு. சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் ஒரு குவளைத் தண்ணீரைக் கொதிக்க வைப்பான். விசிலடித்ததும் அதைத் தேநீராக்கிக் குடித்துவிடுவான். தெல்மா உள்ளேயிருந்து திட்டுவாள். ஒருநாள் துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டு ஐவி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"வில்ஃப், உம் பொண்டாட்டி கரித்தொட்டிக்குள்ள இருக்கா."

"தெரியும்."

"எதுக்கு இருக்கா?"

"வெளிய வர்றதுக்கு."

ஐவி கையிலிருந்த ஈரத் துணியை உதறினாள். "நாங்கூட உங்களுக்குள்ள சண்டையோன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுத் துணியைக் காயப்போடப் போனாள்.

மழை பெய்தது, தெல்மா தொட்டிக்குள் இறங்கினாள். கடல்மூடுபனி வந்து வேலிகூடத் தெரியாமல் போனது, அன்றைக்கும் இறங்கினாள். முழங்கையில் தோல் உரிந்தது. இடுப்பில் நீலம் பாய்ந்தது. முட்டி மட்டும் ஒத்துழைக்க மாட்டேன் என்றது. ஒரு சாயங்காலம் அவள் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டு வில்ஃப் வந்து மூடி வழியாகத் தேநீரை நீட்டினான்.

"விட்டுடேன் புள்ள. கூண்டுல ஹீட்டர் இருக்குங்கறானே."

"கூண்டுல யாரு என்னைப் பாக்குறா? கையைத்தான் பாப்பாங்க. சில்லறையைப் பாப்பாங்க." அவள் தேநீரை வாங்கிக்கொண்டாள். "யோவ், இந்த ஊர்ல என்னைத் திட்டுறதுக்குன்னே ஜனம் ரயிலேறி வருது. உனக்கு அது புரியாது. உன்னைப் பஸ்ல தினம் திட்டினாங்க, அது வேற."

வில்ஃப் அதற்குக் கோபப்படவில்லை. தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பேருந்து நிலையத்தில் மாட்டிக்கொண்ட வண்டியைப் பார்க்கிற பார்வை பார்த்தான்.

"முன்னாடி எடுக்க எடமில்லேன்னா ரிவர்ஸ்ல எடு" என்றான்.

"என்னது?"

"திரும்பிக்க. முதல்ல உட்காருற பாகம் வரட்டும். கால் தானா பின்னாலயே வரும்."

தெல்மா முறைத்தாள். பிறகு திரும்பினாள். விளிம்பில் உள்ளங்கையை ஊன்றி, பின்பக்கத்தை முதலில் மேலே ஏற்றினாள். புது முட்டி மடங்கவே தேவையில்லாமல் நீட்டியபடியே வெளியே வந்தது. பார்க்க அழகாக இல்லைதான். வேலிக்கு அந்தப் பக்கம் ஐவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சீசனுக்கு முந்தின நாள் கொட்டகையில் மறுபடி கெட்டில் வைத்தார்கள். பின்பக்கம் வந்தது, இடது கால் வந்தது, வலது கால் வந்துகொண்டிருக்கும்போது விசில் அடித்துவிட்டது.

"அது காத்துச் சத்தம்" என்றான் நெவில்.

"நெவில் சார், அது கெட்டில்" என்றான் டோமினிக்.

அவன் ஏற்கெனவே கீத் என்ற தோட்டக்காரனைக் காக்கைக்கு மாற்றாளாகத் தயார் பண்ணி வைத்திருந்தான். கீத் அன்றைக்கு உள்ளே இறங்கி, மூடியைச் சாத்தின மாத்திரத்தில் திறந்துகொண்டு வெளியே வந்து, எனக்கு மூச்சு முட்டுது, எங்கம்மாவைப் பார்க்கணும் போல இருக்கு என்று சொல்லிவிட்டுப் பூப்பாத்திக்குப் போய்விட்டான். மறுநாள் மே மாதக் கடைசித் திங்கள். ஊரெல்லாம் விடுமுறை, டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது. டோமினிக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு தெல்மாவிடம் வந்தான்.

"நாளைக்கு ஒரு ஆட்டம் நீங்க பண்ணுங்க. ஒழுங்கா போச்சுன்னா சீசன் முழுக்க உங்களுக்குத்தான். ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, புதன்கிழமையிலேர்ந்து கூண்டு. சரியா மேடம்?"

"சரி தம்பி" என்றாள் தெல்மா.

அந்தத் திங்கள்கிழமை ஒரு அநியாய வெயில். எங்கள் ஊரில் அப்படி வெயில் அடித்தால் ஜனம் முதலில் நம்பாது, பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுச் சாயங்காலம் வெந்த இறால் நிறத்தில் திரியும். புல்சரிவில் எள் போட இடமில்லை. ஐஸ்கிரீம் வண்டிக்கார ரெனாட்டோ, அவன் அப்பா காலத்திலிருந்து அசையாமல் நின்ற இடத்தில் ஐஸ்கிரீம் உருகி ஓடுவதைப் பார்த்துவிட்டு, வண்டியையும் அதன் சிவப்புக் குடையையும் தள்ளிக்கொண்டு போய்த் தூரத்தில் ஒரு மர நிழலில் நிறுத்தினான். மனுஷன் செய்தது நியாயம்தான். ஆனால் கப்பல்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

ஏனென்றால் விரல் அகலப் பிளவில் வழி பார்க்கிறவனுக்கு அடையாளம் வேண்டும். ஒவ்வொரு கேப்டனுக்கும் சொந்த அடையாளங்கள் உண்டு. தெல்மாவுக்குக் கழிப்பறைக் கட்டிடத்தின் பச்சைக் கதவு. கதவு எங்கும் நகராது. நெவிலுக்கு ரெனாட்டோவின் சிவப்புக் குடை. குடை பிளவுக்குள் வந்ததும் இடது பக்கம் திருப்புவான். இத்தனை வருஷமாக அப்படித்தான் திருப்பினான். வெளியே வந்து ஏரியைப் பார்க்கச் சொன்னால் எங்கே திருப்புகிறோம் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது.

ஆட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. டோமினிக் ஒலிபெருக்கியில் கதை சொன்னான். காக்கை வந்தது, ஜனம் கத்தியது, தெல்மா நாலு பீரங்கியை வெடித்துவிட்டு அட்டகாசமாக ஒரு சுற்று வந்தாள். உள்ளே புழுக்கம், வியர்வை கண்ணில் இறங்கியது, முட்டி எண்ணெய் போட்ட மாதிரி சுழன்றது. இனி வேலியன்ட் இடது பக்கம் திரும்பி வந்து அவளைச் சுட வேண்டும். அவள் காத்திருந்தாள். வேலியன்ட் திரும்பவில்லை. குடையைத் தேடிக்கொண்டு நேராகப் போயிற்று, போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் எங்கேயோ ஒரு சிவப்பைக் கண்டுபிடித்து ஆவேசமாகத் திரும்பி, வில்லோ மரத்தடியில் சேற்றில் ஏறி நின்றுவிட்டது. இரண்டு வாத்துகள் கோபித்துக்கொண்டு எழுந்து போயின.

ஜனம் சிரித்தது. டோமினிக் ஏதோ சமாளித்தான். தெல்மா பிளவு வழியாகப் பார்த்தாள். வேலியன்ட்டின் முன்பக்கம் சேற்றில் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தண்ணீரில் தாழ்ந்திருந்தது. மூடிக்கு மேல் ஒரு தடித்த கிளை சரியாக உட்கார்ந்திருந்தது. நெவில் நினைத்தாலும் திறக்க முடியாது. அவள் மிதித்துப் பக்கத்தில் போனாள். எதிரிக் கப்பல் விழுந்து கிடப்பவனை அடிக்கப் போகிறது என்று நினைத்துச் சரிவு முழுக்க எழுந்து நின்று ஊளையிட்டது. அவள் வாழ்க்கையிலேயே கேட்டிராத ஊளை. அதை அனுபவிக்க முடியவில்லையே என்று அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

காக்கையின் மூக்கால் வேலியன்ட்டை மெதுவாக ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஸ்பானரால் தட்டுகிற சத்தம் கேட்டது.

"தள்ளாத தெல்மா. சுக்கான் ஓட்டை வழியா தண்ணி வருது."

"எவ்ளோ வருது?"

"உட்கார்ற எடம் வரைக்கும் வந்தாச்சு."

"பயந்துட்டியா?"

ஸ்பானர் இரண்டு தடவை தட்டியது. "லேசா" என்றான் நெவில்.

ஆபத்துக்கென்று வைத்திருந்த காவல் படகு எதிர்க்கரையில் இருந்தது. அதை ஓட்டுகிற பையன்கள் துடுப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தெல்மாவுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மூடியைத் திறந்தால் ஏடாகூடம். ஏடாகூடம் என்றால் கூண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் யாரும் செத்ததில்லைதான். ஆனால் நெவில் நிற்கவில்லையே, மிதிகட்டைக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டி உட்கார்ந்திருக்கிறான். நாசமாய்ப் போன குடை என்று சொல்லிக்கொண்டே அவள் மூடியைத் தள்ளித் திறந்தாள்.

எதிரிக் கப்பலின் மூடி திறந்ததும் ஊளை நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். முதலில் வெளியே வந்தது காக்கை கேப்டனின் பின்பக்கம். அது நிதானமாக, கம்பீரமாக மேலே வந்தது. பிறகு நீட்டிய ஒரு கால், பிறகு இன்னொன்று. மொத்த லீட்ஸும் பார்ன்ஸ்லியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த வில்ஃப் மட்டும் சிரிக்கவில்லை. "ரிவர்ஸ், ரிவர்ஸ், அப்படித்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

தெல்மா தண்ணீரில் இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய நடந்து வேலியன்ட்டைப் பிடித்தாள். கிளையில் தொங்கினாள். அது முறிய மறுத்தது, அவளும் விடவில்லை. அது முறிந்தபோது அவளும் சேர்ந்து விழுந்து, முழுக்க நனைந்து எழுந்தாள். கப்பலின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தாள்.

"குடை எங்க போச்சு?" என்றது உள்ளேயிருந்து நெவிலின் குரல்.

"வாயை மூடிக்கிட்டுப் பின்னால மிதி."

கப்பல் சேற்றை விட்டுக் கழன்று சமமானது. தண்ணீர் வருவது நின்றது. நெவில் மூடியைக் கையளவு தூக்கி, இரண்டு கண்ணை மட்டும் காட்டினான். "யாரும் பாக்கலையே?"

"இல்ல, எல்லாரும் சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்காங்க. மூடுய்யா. போய் உன் எடத்துல நில்லு. என்னைச் சுடணும் நீ."

ஒலிபெருக்கி கரகரத்தது. "தெல்மா மேடம், போதும். படகு வருது, கரைக்கு வந்துடுங்க. ஆட்டம் முடிஞ்சுது."

தெல்மா திரும்பி நின்றாள். தலையிலிருந்து ஏரிப்பாசி வழிந்தது. அந்தச் சின்ன ஏரியில் அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"யார் ஜெயிச்சது?"

டோமினிக் படகு வருகிற திசையைப் பார்த்தான்.

"யார் ஜெயிச்சதுன்னு சொல்லு தம்பி."

"யாரும்... யாரும் ஜெயிக்கல."

"அப்ப முடியல. தோக்காம நான் கரைக்கு வரமாட்டேன்."

படகில் வந்த பையன்களைக் கையைக் காட்டி அங்கேயே நிறுத்தினாள். வெளியே வருவதைத்தான் அவள் பழகியிருந்தாள். தண்ணீரிலிருந்து உள்ளே போவதைப் பழகவில்லை. காக்கையைச் சேற்று மேட்டோரம் இழுத்துச் சார்த்தினாள். மேட்டில் ஏறி, தளத்தின் மேல் குப்புற விழுந்து, வயிற்றால் நகர்ந்தாள். முட்டி சுண்டி வலித்தது. ஒருமுறை வழுக்கிப் போய்த் தண்ணீரில் விழுந்தாள். மறுபடி ஏறினாள். கைதட்டல் மெல்ல ஆரம்பித்து வலுத்தது. "கை தட்டாதீங்கய்யா, நான் எதிரி" என்று கத்தினாள். அதற்கும் தட்டினார்கள். ஒருவழியாகக் கால்கள் இரண்டும் துவாரத்துக்குள் போக, உடம்பு பின்னால் போக, மூடி சாத்திக்கொண்டது.

உள்ளே எல்லாம் ஈரம். புகைப் பெட்டி நனைந்து செத்துவிட்டிருந்தது. வேலியன்ட் எதிரே வந்து சுட்டது. நெவிலின் பீரங்கிகளில் ஒன்றே ஒன்றுதான் வெடித்தது, அதுவும் தும்மல் போல. தெல்மா அந்தத் தும்மலுக்கே செத்தாள். கொடியை இறக்கினாள். கப்பலைச் சாய்ப்பதற்கென்று உள்ளே இருந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஒரு பக்கம் இழுத்துப் போட்டாள், போதாது என்று தானும் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டாள். காக்கை இதுவரை இல்லாத அளவுக்குச் சரிந்து, தள்ளாடித் தள்ளாடித் தீவுக்குப் பின்னால் போனது. தோற்றது என்றால் அப்படியொரு தோல்வி.

தீவுக்குப் பின்னால் யாரும் இல்லாத இடத்தில் அவள் மிதிப்பதை நிறுத்தினாள். புதன்கிழமை கூண்டில் உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்துப் பார்த்தாள். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, பச்சைக் கதவைத் தேடிப் பிடித்து, சரிவை நோக்கி மிதித்தாள்.

வேலியன்ட் மூடி திறந்தது, நெவில் எழுந்தான், கைதட்டல் வாங்கினான். பிறகு காக்கை. பின்பக்கமாக வெளியே வந்து, மெதுவாகத் திரும்பி, சொட்டச் சொட்ட நிமிர்ந்தாள் தெல்மா. சரிவு மொத்தமும் எழுந்து நின்றது. ஒருவர்கூட ஊளையிடவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள், ஒரு பொம்பளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெல்மாவின் முகம் விழுந்துவிட்டது. முஷ்டியை உயர்த்தி ஆட்டினாள். கைதட்டல் அதிகமானது. இன்னும் கோபமாக ஆட்டினாள். "சபாஷ்" என்றான் எவனோ ஒருவன். அவள் முஷ்டியைக் கீழே இறக்கினாள். இத்தனை வருஷம் சேர்த்த எதிரித்தனம் எல்லாம் ஒரே மத்தியானத்தில் போய்விட்டதே என்றிருந்தது. இதுதான் கடைசி ஆட்டம் என்றால், கடைசி ஆட்டம் இப்படியா முடிய வேண்டும்?

அப்போது ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

"காக்கையின் கேப்டன், தெல்மா காப்பிள்மன்" என்றான் டோமினிக். கைதட்டல் அடங்கும் வரை நிறுத்தினான். "புதன்கிழமை மூணு மணிக்கு மறுபடி வருவாங்க. வெள்ளிக்கிழமை வருவாங்க. சீசன் முழுக்க வருவாங்க. வந்து..." அவன் குரலில் சின்னதாக ஒரு தடுமாற்றம். "வந்து, தோப்பாங்க. சரியா அக்கா?"

பிறகு, மேலாளர் வேலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு காரியம் செய்தான். ஒலிபெருக்கியை வாயோடு வைத்துக்கொண்டு நீளமாக, அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டான்.

ஒரு கணம் சரிவுக்கு ஒன்றும் புரியவில்லை. வில்ஃப்தான் முதலில் எழுந்து, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, பேருந்து ஓட்டிய காலத்துத் தொண்டையைத் திறந்தான். ஐவி கத்தினாள். ரெனாட்டோ மர நிழலில் இருந்து கத்தினான். அப்புறம் லீட்ஸ் கத்தியது, பார்ன்ஸ்லி கத்தியது, தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் கத்தின. ஏரியில் மிச்சமிருந்த வாத்துகளும் பறந்து போயின.

தெல்மா இரண்டு முஷ்டிகளையும் தூக்கி அவர்களைப் பார்த்து ஆட்டினாள். கண்ணிலிருந்து வழிந்ததை ஏரித் தண்ணீர் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ஊளை நிற்கும் வரை அவள் ஆட்டுவதை நிறுத்தவில்லை.